ஹில் ஹோல்டு இருந்தும் வண்டி ஏன் பின்னால் உருள்கிறது? மேனுவல் கார்களில் பிரேக் தானாகப் பிடிக்கும் முறை

கோடை சீசனில் பர்லியாறு தாண்டியதும் குன்னூர் வரை வண்டிகள் நின்று நின்றுதான் நகரும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணையவழி முன் அனுமதி கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் ஒரு பேருந்து திரும்பினால் போதும், பின்னால் வரும் அத்தனை வண்டியும் ஏற்றத்தில் நின்றாக வேண்டும். நின்ற வண்டி மறுபடி கிளம்பும் அந்தச் சில விநாடிகளில்தான் பின்னால் நிற்கும் காரின் பானெட்டில் போய் இடிப்பது நடக்கிறது.

இப்போது இடிப்பவர்களில் புதுக் கார் வைத்திருப்பவர்களும் உண்டு. "ஹில் ஹோல்டு இருக்குன்னு சொல்லித்தானே வித்தாங்க, அப்புறம் எப்படி உருண்டுச்சு?" என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் சிறிது நேரம் பிரேக்கைத் தானாகப் பிடித்து வைப்பதே ஹில் ஹோல்டு. அந்த வசதி எதைச் செய்யும், எவ்வளவு நேரம் செய்யும், எப்போது கைவிடும் என்பதை விற்பனையின்போது யாரும் விளக்குவதில்லை. அதிலும் மேனுவல் கியர் காரில் அது வேலை செய்யும் விதம் ஆட்டோமேட்டிக் காரில் இருப்பதைவிடச் சிக்கலானது.

ஏற்றத்தில் நிற்கும் வண்டியின் கணக்கு

சரிவைச் சதவீதத்தில் சொல்வது வழக்கம். 100 மீட்டர் முன்னால் போவதற்குள் 10 மீட்டர் உயர்ந்தால் அது 10 சதவீதச் சரிவு. செங்குத்தான மலைப் பகுதிச் சாலைகளுக்கு சாலை வடிவமைப்பு அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பு சொல்லும் அளவு வழக்கமாக 6 சதவீதம், தவிர்க்க முடியாத இடத்தில் 8. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஏறும் பாதை 12 அடிக்கு 1 அடி, அதாவது 8.33 சதவீதம். அந்தச் சரிவுக்கே தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் போட்டார்கள். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்கத் தனி ஆளும் உட்கார்ந்திருக்கிறார். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஊர்களுக்குள் வீட்டுக்கு ஏறும் கிளைச் சாலைகளோ எந்த வரையறைக்கும் கட்டுப்பட்டவை அல்ல.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 10 சதவீத ஏற்றத்தில் நின்றால், அதைப் பின்னால் இழுக்கும் விசை ஏறக்குறைய 120 கிலோ எடைக்குச் சமம். பிரேக்கை விட்டுவிட்டு வேறு எதுவும் செய்யாமல் இருந்தால்:

1. அரை விநாடியில் 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உருளும். பெரும்பாலும் கவனத்துக்கே வராது.
2. ஒரு விநாடியில் ஒன்றரை அடி.
3. இரண்டு விநாடியில் கிட்டத்தட்ட ஆறு அடி. மலைப்பாதை நெரிசலில் பின் வண்டிக்கு விடும் இடைவெளி இதைவிடக் குறைவு.

வலது காலை பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்கு மாற்ற, பழகிய ஓட்டுநருக்கு அரை விநாடி போதும். பதற்றத்தில் இருப்பவருக்கு ஒன்று, ஒன்றரை விநாடிகூட ஆகும். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி நிரப்ப வேண்டிய இடைவெளி இதுதான்.

கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வளைவுக்குள் சரிவு 40-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் வெளி ஓரமும் உள் ஓரமும் ஏறும் உயரம் ஒன்றேதான். உள் ஓரத்தில் தூரம் மட்டும் குறைவு. அதனால் உள் ஓரம் எப்போதும் கூடுதல் செங்குத்து. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே இடது பக்கம் திரும்பும் வளைவில் ஏறும் வண்டிக்கு அந்த உள் ஓரம்தான் கிடைக்கும். வளைவின் நடுவில் நிற்காமல், முன்னால் உள்ள வண்டி வெளியேறும் வரை வளைவுக்கு முன்பே காத்திருங்கள் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

1936-இலேயே வந்த யோசனை

இந்த வசதி கம்ப்யூட்டர் காலத்தில் பிறந்தது அல்ல. அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1936-இலேயே 'ஹில் ஹோல்டர்' என்ற பெயரில் இதைக் காரில் கொடுத்தது. பிரேக் குழாயில் ஒரு சிறு அறை, அதற்குள் ஒரு உருண்டை. வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் உருண்டை பின்பக்கம் உருண்டு பிரேக் ஆயில் திரும்பும் துவாரத்தில் போய் உட்காரும். கிளட்ச் மிதித்திருக்கும் வரை உருண்டை அங்கேயே இருக்கும். பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்தாலும் சக்கரத்தில் பிடி விடாது. கிளட்சை விட விட, அதோடு இணைத்த கம்பி உருண்டையைத் தள்ளித் துவாரத்தைத் திறக்கும். பிற்காலத்தில் சுபாரு நிறுவனமும் தன் மேனுவல் கார்களில் இதே முறையைக் கையாண்டது.

இதன் அழகு, பிரேக் விடுபடும் நேரத்தை கிளட்ச் பெடலே தீர்மானித்தது என்பதில் இருக்கிறது. இன்றைய மின்னணு முறை அதே முடிவுக்கு வர ஐந்தாறு சென்சார்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்றைய காரில் பிரேக்கைப் பூட்டி வைப்பது எது

ஹில் ஹோல்டு தனிக் கருவி அல்ல, ஈஎஸ்சி என்ற அமைப்போடு சேர்ந்து வருவது. ஏபிஎஸ், ஈஎஸ்சி இரண்டும் வேறு வேறு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்ப்பது ஏபிஎஸ். வண்டி பக்கவாட்டில் திசை மாறாமல் காப்பது ஈஎஸ்சி. சில நிறுவனங்கள் ஈஎஸ்பி என்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் ஏபிஎஸ் மட்டும் உள்ள வண்டியில் ஹில் ஹோல்டு வராது. காரணம் வால்வுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஏபிஎஸ் பெட்டியில் பொதுவாக 8 வால்வுகள், சக்கரத்துக்கு இரண்டு வீதம். ஈஎஸ்சி பெட்டியில் 12. கூடுதலான நான்கில் இரண்டு, பிரேக் பெடலுக்குக் கீழே உள்ள மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் நடுவே கதவு போல நிற்பவை. சாதாரண நேரத்தில் அவை திறந்தே இருக்கும். மின்சாரம் கொடுத்தால் மூடிக்கொள்ளும். மூடியதும் சக்கரங்களின் பக்கம் உள்ள பிரேக் ஆயில் திரும்பிப் போக வழியின்றி அழுத்தத்தோடு அங்கேயே நிற்கும். ஹில் ஹோல்டு என்பது சாராம்சத்தில் இந்த இரண்டு வால்வுகளை மூடி வைப்பதுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும்.

முதலாவது, பூட்டப்படுவது பெரும்பாலும் நீங்கள் மிதித்துக் கொடுத்த அழுத்தம் மட்டுமே. லேசாக மிதித்து நின்றால் லேசான பிடிதான் பூட்டப்படும். சில கார்களில் வண்டி நகர்வது தெரிந்தால் பம்ப் ஓடி அழுத்தத்தைக் கூட்டும். எல்லாக் காரிலும் அப்படி இல்லை. ஏற்றத்தில் நிற்கும்போது பெடலை அழுத்தமாக மிதிப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது, வால்வை மூடி வைக்கும் மின்சுருள் தொடர்ந்து மின்சாரம் வாங்கிச் சூடாகும். எனவே காலவரையின்றி இப்படிப் பிடித்து வைக்க முடியாது.

கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று வண்டிக்கு எப்படித் தெரியும்

ஆட்டோமேட்டிக் காரில் இஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருந்தால், பிரேக்கை விட்டதும் வண்டி தானாகவே முன்னால் ஊரப் பார்க்கும். ஆக்சிலேட்டர் தொட்டதும் பிரேக்கை விடு என்ற ஒரு கட்டளையே அங்கே போதும். மேனுவலில் கதை வேறு. இஞ்சின் எவ்வளவு சத்தமாக உறுமினாலும், இஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கிளட்ச் தட்டு தொடும் வரை சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. பிரேக்கை விடுவதற்குச் சரியான கணம் ஒன்றே ஒன்றுதான்: சக்கரத்துக்குப் போகும் டார்க், அதாவது சுழற்றும் விசை, சரிவின் இழுப்புக்குச் சமமாகும் கணம். அதற்கு முன்னால் விட்டால் உருளும். பின்னால் விட்டால் பிரேக்கோடு மல்லுக்கட்டி இஞ்சின் அணையும்.

எவ்வளவு டார்க் தேவை? அதே 1,200 கிலோ காருக்கு 10 சதவீத ஏற்றத்தில் சக்கரங்களில் ஏறக்குறைய 350 நியூட்டன் மீட்டர் வேண்டும். முதல் கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து இஞ்சின் டார்க்கை சுமார் 13 மடங்காக்கும் என்று வைத்தால், இஞ்சினிலிருந்து 27 நியூட்டன் மீட்டர் வந்தால் வண்டி பின்னால் போகாது. சிறிய இஞ்சினுக்கும் இது சாத்தியமே. வண்டி 1,500 கிலோவாகி, சரிவும் 15 சதவீதமானால் தேவை 50-ஐத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கைப் போட, கட்டுப்பாட்டுப் பெட்டி கேட்டு வாங்கும் தகவல்கள் இவை:

1. சரிவு. ஈஎஸ்சி அமைப்போடு வரும் ஒரு சென்சார், நிற்கும் வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரிவு இருந்தால் ஹில் ஹோல்டு விழிக்கவே விழிக்காது.
2. சக்கர வேகம். நான்கும் நின்றுவிட்டனவா என்று பார்க்க.
3. பிரேக் ஆயிலின் அழுத்தம்.
4. இஞ்சின் டார்க். உள்ளே போகும் காற்று, எரிபொருள் அளவிலிருந்து இஞ்சின் கம்ப்யூட்டர் கணித்து அனுப்பும்.
5. ரிவர்ஸ் கியரா என்பது. ரிவர்ஸ் விளக்கின் சுவிட்சிலிருந்து தெரியும். மலை இறக்கத்தை நோக்கி நின்று ரிவர்ஸ் எடுப்பதும் ஏற்றம்தான் என்பதால் இது முக்கியம்.
6. கிளட்ச் பெடலின் நிலை.

ஆறாவதில்தான் காருக்குக் கார் வேறுபாடு. விலை குறைந்த அமைப்பில் கிளட்சுக்கு ஒரு சுவிட்ச் மட்டும் இருக்கும்; மிதித்திருக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமே அது சொல்லும். பாதியில் இருக்கும் பெடலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அப்போது வண்டி, இஞ்சின் சுழற்சி சற்று இறங்குவதையும் டார்க் ஏறுவதையும் வைத்து ஊகிக்கும். நேரம் முடிந்தால் விட்டுவிடும். உயர்ந்த அமைப்பில் பெடல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தொடர்ச்சியாக அளக்கும் சென்சார் உண்டு. கிளட்ச் தட்டு தேயத் தேய அது பிடிக்கும் இடம் மாறும் என்பதால், அந்த மாற்றத்தையும் கற்றுக்கொள்ளும்படி சிலவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஓட்டுபவர் இதே கணத்தை உடம்பால் அறிகிறார். இடது காலை மெல்ல உயர்த்தும்போது இஞ்சின் சத்தம் கனக்கும். இஞ்சின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் ஒரு கோடு இறங்கும். பானெட் முனை சிறிது தூக்கும், சீட்டுக்கு அடியில் நடுக்கம் வரும். இந்த நான்கும் வந்தபின் பிரேக் விடுபட்டால் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. ஹில் ஹோல்டு உள்ள காரிலும் இவை வரும்வரை காத்திருக்க வேண்டியது நீங்கள்தான். உங்கள் இடது காலுக்கு மாற்றாக எதுவும் அந்தக் காரில் பொருத்தப்படவில்லை.

ஹில் ஹோல்டு வேறு, ஆட்டோ ஹோல்டு வேறு

குழப்பத்தின் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதால் வருகிறது. பெயர்களும் உதவுவதில்லை; ஹில் அசிஸ்ட், ஹில் ஸ்டார்ட், ஹில் ஹோல்டு என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர்.

ஹில் ஹோல்டு தானாக விழிக்கும், பட்டன் கிடையாது. சரிவில் மட்டும் வேலை செய்யும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு சுமார் 2 விநாடி பிடிக்கும், பிறகு நீங்கள் தயாரோ இல்லையோ விட்டுவிடும். முன்னால் உள்ள பேருந்து நகரட்டும் என்று காலைக் கீழே வைத்துக் காத்திருப்பவரின் வண்டி மூன்றாவது விநாடியில் உருளத் தொடங்குவது இதனால்தான். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

ஆட்டோ ஹோல்டு பட்டன் அழுத்திப் போடுவது. சமதளத்திலும் வேலை செய்யும். வண்டி நின்றதும் பச்சை விளக்கு எரியும், காலை எடுத்துவிடலாம். முதலில் ஆயில் அழுத்தத்தால் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும். சில நிமிடங்கள் கடந்தாலோ, சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ, கதவைத் திறந்தாலோ, இஞ்சின் அணைந்தாலோ பொறுப்பை எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கிடம் ஒப்படைக்கும். அது பின் சக்கரக் காலிபரில், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதியில், உள்ள சிறு மோட்டார். திருகாணியைச் சுழற்றி பிரேக் பேடை இறுக்கும். ஒருமுறை இறுக்கிவிட்டால் மின்சாரம் போனாலும் விடாது. இந்தக் கைமாற்று இருப்பதால்தான் ஆட்டோ ஹோல்டால் நீண்ட நேரம் பிடிக்க முடிகிறது. எனவே ஒரு எளிய அடையாளம்: கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் லிவர் உள்ள காரில் இருப்பது அநேகமாக ஹில் ஹோல்டு மட்டுமே.

மேனுவல் காரில் ஆட்டோ ஹோல்டு வைப்பது தொழில்நுட்பத்தால் முடியாதது அல்ல. ஃபோக்ஸ்வாகன் பஸாட் 2005-இல் வந்த தலைமுறையில் மேனுவல் கியரோடே அதைக் கொடுத்தது. கியர் போட்டு, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிரேக் தானாக விடும்.

என் கருத்தில், மலையில் வாழும் மேனுவல் கார்க்காரருக்கு ஹில் ஹோல்டைவிட ஆட்டோ ஹோல்டே உண்மையான உதவி. ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பு நெரிசலில் பத்து முறை நின்று கிளம்ப வேண்டியவருக்கு 2 விநாடி போதாது.

ஹாஃப் கிளட்சில் நிறுத்தி வைப்பது

பிரேக்கைப் பயன்படுத்தாமல், கிளட்சைப் பாதி மட்டும் விட்ட ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பதைப் பலர் திறமை என்று நினைக்கிறார்கள். மேலே போட்ட 27 நியூட்டன் மீட்டர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் நிமிடத்துக்கு 1,200 முறை சுழல, வண்டி நகராமல் நின்றால், கிளட்ச் தட்டில் உருவாகும் வெப்பம் ஏறக்குறைய 3.4 கிலோவாட். வாளித் தண்ணீரைக் காய்ச்சும் 1,000 வாட் ஹீட்டர் ராடுகள் மூன்றரையை ஒன்றாகப் போட்டது போன்ற சூடு, ஒரு சாண் அகலத் தட்டு வளையத்தில். ஒரு நிமிடம் தாங்காமல் கருகிய வாடை வரும். சீசன் நாட்களில் குன்னூர் மலைப்பாதை ஓரத்தில் பானெட் திறந்து நிற்கும் கார்களில் சில இப்படி நின்றவை. பிரேக் தானாகப் பிடிக்கும் வசதியின் மிகப் பெரிய பயன், இடி தவிர்ப்பது மட்டுமல்ல, கிளட்சுக்கு இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதும்தான்.

2,240 மீட்டர் உயரத்தில் மாறுபவை

ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 20 சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சினின் இழுவை ஏறக்குறைய அதே அளவு குறையும். கோயம்புத்தூரில் பழகிய ஆக்சிலேட்டர் அளவு இங்கே போதாது. தேவையான டார்க் வர நேரம் கூடும். ஹில் ஹோல்டின் 2 விநாடி மட்டும் மாறாது. டர்போ இஞ்சின் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும், ஆனால் குறைந்த சுழற்சியில் டர்போ விழிக்காததால் கிளம்பும் கணத்தில் அதற்கும் தயக்கம் உண்டு. பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் வெளிக் காற்றழுத்தத்தை நம்பி இயங்குவது. அதன் உதவியும் உயரத்தில் குறையும். பெடல் சற்றுக் கடினமாகத் தோன்றினால் காரணம் அதுதான். இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டும்.

எங்கெல்லாம் கைவிடும்

1. இஞ்சின் அணைந்தால். ஹில் ஹோல்டின் நேரம் முடிந்ததும் வண்டி உருளும். வலது கால் உடனே பிரேக்குக்குப் போக வேண்டும். இஞ்சின் ஓடாவிட்டாலும் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குப் போதுமான உதவி மிச்சம் இருக்கும். பதறிப் பலமுறை மிதித்து அதைத் தீர்த்துவிடக் கூடாது.
2. வழுக்கும் தரை. சக்கரம் சுழலாமல் பிடிப்பதுதான் பிரேக்கின் வேலை. தைல மர இலை ஊறிக் கிடக்கும் ஈரச் சாலையிலும் பாசி படிந்த கான்கிரீட் ஏற்றத்திலும் சுழலாத சக்கரமே வழுக்கிக்கொண்டு இறங்கும்.
3. ஈஎஸ்சி எச்சரிக்கை விளக்கு எரிந்தால். ஒரு சக்கர சென்சாரின் ஒயர் அறுந்தாலும் அமைப்பு ஒதுங்கிக்கொள்ளும். அந்த விளக்கு எரியும் வண்டியில் ஹில் ஹோல்டு இல்லை என்றே எண்ணி ஓட்ட வேண்டும்.
4. இறக்கம். ஹில் ஹோல்டு இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தாது. கோத்தகிரி வழியாகவோ கல்லட்டியிலோ இறங்கும்போது இரண்டாவது கியரில் இஞ்சின் பிடிப்பில்தான் இறங்க வேண்டும்.

மலையில் ஓட்டுபவர்களுக்கு

காத்திருப்பு சில விநாடிகளுக்கு மேல் என்று தெரிந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, கிளட்சை முழுதாக விட்டுவிடுங்கள். கிளம்பும்போது முதல் கியர், கிளட்ச் பிடிக்கும் இடம், சிறிது ஆக்சிலேட்டர், பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவது. இந்த வரிசை பழகியவருக்கு ஹில் ஹோல்டு கூடுதல் பாதுகாப்பு. பழகாதவருக்கு அது போதாது. குறுகலான மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதி சொல்கிறது. ஏறுபவர் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்து வைத்த விதி அது. சுற்றுலா வண்டிகள் பலவும் இதை மதிப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

புதுக் கார் வாங்குபவர் சோதனை ஓட்டத்தை ஷோரூம் வாசல் சமதளத்தில் முடித்துக்கொள்ளக் கூடாது. பின்னால் வண்டியோ ஆளோ இல்லாத ஒரு ஏற்றத்துக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். அழுத்தமாக பிரேக் மிதித்து நிறுத்தி, முதல் கியரில் கிளட்சை மிதித்தபடியே பிரேக்கை விட்டு, வண்டி எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ரிவர்ஸிலும் ஒருமுறை. பிறகு குடும்பத்தார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை.

நிறுத்தி வைக்கும்போது இந்த வசதிகள் எதையும் நம்பக் கூடாது. மலை இறங்கி வந்து சூடான டிஸ்க்கோடு நிறுத்தினால், டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது பார்க்கிங் பிரேக்கின் பிடி தளரும். எலக்ட்ரானிக் அமைப்புகளில் பல சிறிது நேரம் கழித்துத் தாமே மறுபடி இறுக்கிக்கொள்ளும்; கையால் இழுக்கும் லிவருக்கு அந்த வழி இல்லை. எனவே லிவரை இன்னும் ஒரு பல் கூட்டி இழுங்கள். ஏற்றத்தை நோக்கி நின்றால் முதல் கியரிலும், இறக்கத்தை நோக்கி நின்றால் ரிவர்ஸிலும் வண்டியை விட்டுவிட்டு, உருண்டால் ஓரச் சுவரில் முட்டி நிற்கும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள். பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் போடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை நடுரோட்டில் விட்டுப் போகாமல் எடுத்து ஓரமாகப் போட வேண்டும்; இரவில் அந்த வழியே வரும் பைக்குக்கு அதுவே எமன்.